ஆடியில் சேர்ந்தவள்

ஜூலை 14, 2025, திங்கள்

திருநெல்வேலி வண்ணார்பேட்டை பைபாஸில் ஒரு கார் ஷோரூமில் சேல்ஸ் வேலைக்குச் சேர்ந்தாயிற்று. இதற்கு முன் டவுனில் ஜவுளிக்கடை, சேலை செக்ஷன். இன்டர்வியூவில் முக்கியமாகக் கேட்டது இரண்டே விஷயம்: கார் லைசென்ஸ் இருக்கிறதா, ஞாயிற்றுக்கிழமை வருவாயா. இரண்டுக்கும் ஆமாம் என்றேன். அடிப்படைச் சம்பளம் ஜவுளிக்கடையைவிடப் பெரிதாக ஒன்றும் கூடுதல் இல்லை. வண்டி போனால் இன்சென்டிவ்.

டீம் லீடர் அண்ணன் என் பெயரைக் கேட்பதற்கு முன்பே, "ஆடி பொறக்கதுக்கு மூணு நாளைக்கு முன்னால வந்து சேர்ந்திருக்கியேம்மா, வேற மாசமே கெடைக்கலையா?" என்றார். ஆனித் தேர் பார்த்த களைப்பே ஊருக்கு இன்னும் போகவில்லை, அதற்குள் ஆடி.

வீரவநல்லூரில் பாசஞ்சர் ஏறி, ஜங்ஷனில் இறங்கி, டவுன் பஸ் பிடித்தால் ஒன்பதரைக்குள் வந்துவிடலாம். செங்கோட்டை வண்டி லேட் ஆனால் என்ன செய்வது என்பதை இனிமேல்தான் யோசிக்க வேண்டும்.

ஜூலை 19, சனி

இந்த வாரம் முழுக்க பாடம். எந்த வேரியன்டில் எத்தனை ஏர்பேக், எதில் ரியர் ஏசி வென்ட், எதில் இல்லை. இதெல்லாம் பிராஷரிலேயே இருக்கிறது, மனப்பாடம் செய்தால் வந்துவிடும். உண்மையான பாடம் கொட்டேஷன் ஷீட்.

ஆன் ரோடு விலை என்பது ஒரு தொகை இல்லை, ஒரு கூட்டம். எக்ஸ் ஷோரூம் விலை, லைஃப் டாக்ஸ் (மொத்தமாக ஒரே தடவை கட்டும் சாலை வரி), பதிவுக் கட்டணம், இன்சூரன்ஸ், ஃபாஸ்டேக். இது வரைக்கும் யாரும் தப்ப முடியாது. புது காருக்கு தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் மூன்று வருடத்துக்குச் சேர்த்துத்தான் போட வேண்டும் என்பது 2018 செப்டம்பரில் இருந்து நடைமுறை. அதற்குக் கீழேதான் மற்ற வரிகள் வருகின்றன: எக்ஸ்டெண்டட் வாரண்டி, ஆக்சசரிஸ் கிட், பெயின்ட் கோட்டிங், அண்டர் பாடி கோட்டிங். இவை எல்லாம் விருப்பம். ஆனால் ஷீட்டில் எல்லாம் ஒரே சைஸ் எழுத்தில் வரிசையாக அச்சாகி வரும். வாங்க வருகிறவர் கண்ணுக்கு எல்லாமே கவர்மென்ட் கட்டணம் மாதிரி தெரியும். வண்டியில் ஷோரூமுக்கு நிற்கும் லாபம் கொஞ்சம்தான், கீழ்ப் பாதியில்தான் கடை ஓடுகிறது என்று அக்கவுன்ட்ஸ் அக்கா சொன்னார்.

லைஃப் டாக்ஸில் ஒரு வேடிக்கை இருக்கிறது. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் இருந்து 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, அதற்கு மேல் 20 லட்சம் வரை 18, அதையும் தாண்டினால் 20. வண்டியின் மொத்த விலைக்கும் அந்த சதவீதம். 9,95,000 ரூபாய் வண்டிக்கு 1,29,350. அதையே 10,05,000 ஆக்கிப் பாருங்கள், 1,80,900. பத்தாயிரம் கூடுதல் விலைக்கு ஐம்பதாயிரத்துக்கு மேல் கூடுதல் வரி. போதாததற்கு 10 லட்சம் தாண்டினால் 1 சதவீதம் டி.சி.எஸ். (வருமான வரிக் கணக்கில் முன்கூட்டியே பிடிப்பது) வேறு பிடிப்பார்கள். அது ரிட்டர்ன் தாக்கல் செய்தால் திரும்ப வரும், லைஃப் டாக்ஸ் வராது. சன்ரூஃப் வேண்டும் என்று ஒரு படி மேலே போகிறவருக்கு சன்ரூஃபின் உண்மையான விலை என்ன என்பதை யாராவது முதலிலேயே சொல்ல வேண்டாமா?

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. பாதி ஊர் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோவிலில், மீதி ஊர் தாமிரபரணிக் கரையில். ஷோரூமில் நாங்களும் ஏசியும்.

பழைய என்கொயரி லிஸ்டைக் கொடுத்து போன் போடச் சொன்னார்கள். ஹாட், வார்ம், கோல்ட் என்று மூன்று வகை. ஒரு மாதத்துக்குள் எடுப்பார் என்றால் ஹாட். ஆடியில் ஹாட் என்று யாருமே கிடையாது. "ஆடி கழியட்டும்" என்பதை விதவிதமான குரலில் கேட்டேன். ஒருவர் மட்டும், "எம்மா, நான் வண்டி எடுத்து ரெண்டு வருசம் ஆச்சு, வருசா வருசம் கூப்பிடுதிய" என்றார். வேறு கம்பெனி வண்டியாம். லிஸ்டில் அவர் இன்னும் வார்ம்.

போனில் வேகமாகப் பேசினால் வைத்துவிடுகிறார்கள். பெயரைச் சொல்லி, ஊரைச் சொல்லி, "வீரவநல்லூரா, யார் வீடு?" என்று அவர்கள் கேட்க இடம் விட்டால் இரண்டு நிமிடம் ஓடுகிறது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

பதினெட்டாம் பெருக்கு. ஆடியிலும் இந்த ஒரு நாளுக்கு விலக்கு உண்டு. என் முதல் டெலிவரி இன்றுதான்.

அம்பாசமுத்திரத்தில் இருந்து ஒரு ரிடையர்டு வாத்தியார். 7 லட்சம் எக்ஸ் ஷோரூம் உள்ள சின்ன பெட்ரோல் வண்டி. ஆடி ஆஃபராக 40,000 கிடைத்தது, அதற்காகவே ஆடியில் எடுத்தார். சாவியைக் கையில் வாங்கும்போது மனைவியைத்தான் முன்னால் நிறுத்தினார். நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம், பானெட்டில் சந்தனம், மாலை. கேக் வெட்டி போட்டோ எடுப்பது ஷோரூம் வழக்கம். அவர் கேக்கைப் பார்த்துவிட்டு, "இது எதுக்கும்மா, தேங்கா உடைச்சாச்சே" என்றார். கேக்கை நாங்கள் சாப்பிட்டோம்.

ஆகஸ்ட் 9, சனி

களக்காட்டில் இருந்து ஒரு குடும்பம். ஏத்தன் வாழை போடுகிறவர், அவர் மனைவி, அவருடைய அம்மா, மச்சான். வந்ததும் அவர், "தம்பிமாரு யாரும் இல்லையா?" என்று சுற்றிப் பார்த்தார். நான் இருக்கிறேன் அண்ணாச்சி என்றேன். சரி என்றார், அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச்சில்லை.

ஜவுளிக்கடையில் வருகிறவர்கள் என்ன வேண்டும் என்று தெரியாமல் வருவார்கள், நூறு சேலை விரிக்கச் சொல்வார்கள். இங்கே நேர்மாறு. யூடியூபில் எல்லாவற்றையும் பார்த்து, மாடல், கலர், வேரியன்ட் வரை முடிவு செய்துவிட்டுத்தான் ஷோரூம் வாசலை மிதிக்கிறார்கள். நான் சொல்லி அவர்களுக்குத் தெரிய வேண்டியது வண்டியைப் பற்றி அநேகமாக ஒன்றும் இல்லை.

டெமோ காரை எடுத்துக்கொண்டு தெற்கு பைபாஸ் வழியாக கே.டி.சி. நகர் நாற்கரச் சாலை வரை போய் வந்தோம். அண்ணாச்சி ஓட்டினார். அவர் பிக்கப் பார்த்தார், மச்சான் மைலேஜ் கேட்டார். பின் சீட்டில் நடந்ததுதான் விஷயம். அம்மாவுக்கு மூட்டு வலி. ஏறும்போது வலது கையால் கதவின் மேல் விளிம்பைப் பிடித்து, இடுப்பை முதலில் சீட்டில் வைத்து, அப்புறம் ஒவ்வொரு காலாகத் தூக்கி உள்ளே வைத்தார். "கால் மடங்கமாட்டேங்கு" என்றார் என்னைப் பார்த்து. இறங்கும்போது சேலை கதவின் கீழ் விளிம்பில் உரசி அழுக்கானது. மருமகள் ஒன்றும் பேசாமல் பக்கத்தில் நின்ற உயரமான வண்டியின் கதவைத் திறந்து, "அத்த, இதுல ஏறிப் பாருங்க" என்றார். சீட் இடுப்பு உயரத்துக்கே இருந்தது, நேராக உட்கார்ந்து திரும்பிக்கொண்டார். யூடியூபில் ஆறு மாதம் பார்த்து முடிவு செய்த வண்டி அந்த இடத்தில் போயிற்று. அண்ணாச்சி முகம் கொஞ்சம் வாடியது, ஆனால் அம்மா உட்கார்ந்த பிறகு அவர் என்ன சொல்ல?

அதற்குப் பிறகுதான் ஷீட். சட்டைப்பையில் இருந்து பேனாவை எடுத்து ஒவ்வொரு வரியாக வைத்தார். "இது என்ன தாயி?" வரி. "இது?" இன்சூரன்ஸ், வெளியிலும் போட்டுக்கொள்ளலாம், இங்கேயே போட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. "இது?" கோட்டிங், வேண்டாம் என்றால் எடுத்துவிடலாம். நான் சொல்லச் சொல்ல அடித்துக்கொண்டே வந்தார். கடைசியில் மேட் மட்டும் வைத்துக்கொண்டார். இன்சூரன்ஸ் மச்சானே ஏஜென்டாம். டீம் லீடர் அண்ணன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஆனால் புக்கிங் பணம் அன்றைக்கே கட்டினார்கள். ஆவணியில் டெலிவரி.

லோனுக்கு ஐந்து வருடமா, ஏழு வருடமா என்று மச்சானும் அவரும் வாதாடினார்கள். 9 சதவீத வட்டியில் 1 லட்சத்துக்கு ஐந்து வருடம் என்றால் மாதம் 2,076, ஏழு வருடம் என்றால் 1,609. மாதத்தைப் பார்த்தால் ஏழு லேசு. மொத்த வட்டியைப் பார்த்தால் லட்சத்துக்குப் பத்தாயிரத்துக்கு மேல் கூடுதல். இரண்டையும் எழுதிக் கொடுத்தேன். வாழைக்கு வெட்டு வரும்போது மொத்தமாகக் கட்ட முடியுமா என்று கேட்டார். நல்ல கேள்வி. முன்கூட்டியே கட்டினால் பேங்க் என்ன பிடிக்கும் என்பதை எழுத்தில் வாங்கித் தருகிறேன் என்றிருக்கிறேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

நேற்று ஆவணி பிறந்தது. கூட்டம் வரும் என்று பூந்தொட்டி எல்லாம் மாற்றி வைத்தார்கள். வந்தது போன்.

15-ம் தேதி செங்கோட்டையில் பிரதமர் தீபாவளிக்குள் ஜி.எஸ்.டி. குறையும் என்று பேசிவிட்டார். (நம்ம செங்கோட்டை இல்லை, டெல்லி.) எத்தனை குறையும், எந்த வண்டிக்கு என்று எதுவும் இல்லை. புக்கிங் போட்டவர்கள் எல்லோரும் ஒரே கேள்வி: எடுக்கவா, பொறுக்கவா?

மேலிடத்தில் இருந்து வந்த உத்தரவு: "உறுதி இல்லாத செய்தி, இப்போதே எடுத்தால் ஆஃபர் உண்டு என்று சொல்லுங்கள்." உறுதி இல்லாத செய்தி என்பது உண்மைதான். அதோடு, பில் எந்தத் தேதியில் போடுகிறோமோ அந்தத் தேதி வரிதான், பின்னால் குறைந்தால் திரும்பக் கிடைக்காது என்பதையும் சேர்த்தே சொன்னேன். அது தெரியாமல் ஒருவர் எடுத்துவிட்டு என் நம்பருக்குத்தானே கூப்பிடுவார். களக்காட்டு அண்ணாச்சி, "அப்போ பொறுக்கேன் தாயி, புக்கிங் அங்ஙனயே கெடக்கட்டும்" என்றார்.

செப்டம்பர் 4, வியாழன்

நேற்று ராத்திரி ஜி.எஸ்.டி. கவுன்சில் முடிவு வந்துவிட்டது. 22-ம் தேதி முதல் அமல். நான்கு மீட்டருக்குள் நீளம், பெட்ரோல் 1200 சி.சி. வரை, டீசல் 1500 சி.சி. வரை உள்ள வண்டிகளுக்கு 18 சதவீதம், செஸ் (ஜி.எஸ்.டி.க்கு மேல் போடும் கூடுதல் வரி) கிடையாது. இது வரை சின்ன பெட்ரோல் வண்டிக்கு செஸ்ஸோடு 29. பெரிய வண்டிகளுக்கு 40, அதுவும் முன்பைவிடக் குறைவுதான். எலக்ட்ரிக் எப்போதும் போல 5.

காலையில் இருந்து கால்குலேட்டரும் கையுமாக உட்கார்ந்தோம். 7 லட்சம் வண்டி 6,40,000 சொச்சத்துக்கு வருகிறது. விலை குறைவதால் லைஃப் டாக்ஸிலும் ஏழாயிரத்துக்கு மேல் குறைகிறது. பத்து லட்சத்துக்கு மேல் நின்றுகொண்டிருந்த வண்டி கோட்டுக்குக் கீழே இறங்கினால் அதிர்ஷ்டம்தான்: 10,60,000 வண்டி 9,70,000 சுற்றில் வரும், லைஃப் டாக்ஸ் 18-ல் இருந்து 13 ஆகும். அந்த வரியிலேயே அறுபதாயிரத்துக்கு மேல் மிச்சம்.

பதினொரு மணிக்கு அம்பாசமுத்திரம் வாத்தியார் கூப்பிட்டார். எனக்கு ஏதாவது உண்டா என்று கேட்டார். இல்லை சார் என்றேன். ஆஃபர் 40,000 போக, கணக்கு பார்த்தால் 27,000 வரை அவருக்கு நஷ்டம். அவரும் கணக்கு போட்டு வைத்திருந்தார். ஆகஸ்ட் 3-ம் தேதி இது யாருக்கும் தெரியாது. அவருக்கும் அது தெரியும். "வாத்தியார் வேலையில முப்பது வருசம் இருந்தேன், ஒரு மாசம் பொறுக்கத் தெரியல பாரு" என்றுவிட்டு வைத்தார். திட்டியிருந்தால் லேசாக இருந்திருக்கும்.

செப்டம்பர் 14, ஞாயிறு

மகாளய பட்சமும் சேர்ந்துகொண்டது. 22 வரைக்கும் யாரும் எடுக்கப் போவதில்லை. அக்கவுன்ட்ஸ் அக்கா ஸ்டாக்கில் நிற்கும் வண்டிகளுக்கு ஏற்கெனவே கட்டிய செஸ்ஸை நினைத்துத் தலையில் கை வைத்திருக்கிறார்.

ஸ்டாக்யார்டில் பி.டி.ஐ. கற்றுக்கொள்ளப் போனேன். டெலிவரிக்கு முன்னால் வண்டியைத் தலை முதல் கால் வரை பார்ப்பது. பெயின்டை நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, சாய்ந்து நின்று வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். டயர் தேதி நான்கு எண்ணில் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். சேஸிஸ் நம்பரில் பத்தாவது எழுத்து வருடத்தைச் சொல்லும். வாங்குகிறவர்களும் டெலிவரிக்கு முந்தைய நாள் பகல் வெளிச்சத்தில் ஒருமுறை வந்து பார்த்துவிடுவது நல்லது. ஷோரூம் லைட்டில் எல்லா வண்டியும் அழகுதான்.

செப்டம்பர் 22, திங்கள்

நவராத்திரி ஆரம்பம், புது வரி ஆரம்பம். திங்கள்கிழமை ராகு காலம் ஏழரை முதல் ஒன்பது, அதனால் ஒன்பது மணிக்கு எல்லோரும் ஒன்றாக வந்து நின்றார்கள். சாப்பாடு நான்கு மணிக்கு. இத்தனை நாள் "பொறுக்கேன்" என்றவர்கள் அத்தனை பேருக்கும் ஒரே வாரத்தில் வண்டி வேண்டும். கேரியர் லாரி கிடைக்கவில்லை. களக்காட்டு அண்ணாச்சி கேட்ட வெள்ளைக் கலர் யார்டிலேயே இல்லை. கிரே உண்டு. "அம்மா வெள்ளைதான் கேக்கா" என்றார்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. வெள்ளை நேற்று ராத்திரி பத்து மணிக்கு வந்து இறங்கியது. காலை ஏழு மணிக்கே பி.டி.ஐ. புதனுக்கு 12 முதல் 1.30 ராகு காலம், பதினொன்றரைக்குள் சாவி கொடுத்தாயிற்று. அம்மா முன் சீட்டில் உட்கார்ந்தார், அண்ணாச்சி ஓட்டினார். பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோவிலுக்கு இனிமேல் வேன் பேச வேண்டாம் என்று மருமகளிடம் சொல்லிக்கொண்டே ஏறினார்.

அண்ணாச்சியின் தம்பி முக்கூடலில் இருக்கிறாராம், நம்பர் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். மத்தியானமே பேசிவிட்டேன். கோட்டிங் எல்லாம் எனக்கு வேண்டாம் என்று அவரே முதலில் சொன்னார்.

அம்பாசமுத்திரம் வாத்தியார் முதல் சர்வீஸுக்கு வந்தாராம், சேல்ஸ் பக்கம் வரவில்லை.

டீம் லீடர் அண்ணன் அக்டோபர் டார்கெட்டை குரூப்பில் போட்டிருக்கிறார். தீபாவளி 20-ம் தேதி. நாளைக்கு வியாழன், ராகு காலம் ஒன்றரைக்கு மேல்தான். முக்கூடல்காரரை டெஸ்ட் டிரைவுக்குப் பதினொரு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறேன், வீட்டில் உள்ள எல்லோரையும் கூட்டிக்கொண்டு.