முடிச்சுப் போட்ட பையால்தான் பாதிப் பிரச்சினை

குப்பையைத் தரம் பிரித்துத் தரச் சொன்னதும் பலர் முதலில் வாளி வாங்கத்தான் ஓடுகிறார்கள். இலங்கையில் குப்பைக்கு நிறக் குறியீடு ஐந்து உண்டு: உக்கும் கழிவுக்குப் பச்சை, கடதாசிக்கு நீலம், பிளாஸ்ரிக்குக்கும் பொலித்தீனுக்கும் செம்மஞ்சள், கண்ணாடிக்குச் சிவப்பு, உலோகத்துக்குக் கபிலம். பாடசாலைக்கும் அலுவலகத்துக்கும் அது சரி. வீட்டுக்கு மூடியுள்ள ஒரு வாளியும் இரண்டு உரப்பையும் போதும். வாளி ஈரத்துக்கு. ஒரு பை கடதாசி, பிளாஸ்ரிக், பொலித்தீனுக்கு. மற்றது கண்ணாடிப் போத்தலுக்கும் தகரத்துக்கும்.

குப்பையைக் கெடுப்பது ஈரம். மீன் தண்ணீர் பட்ட மட்டையைப் பழைய சாமான் வாங்குகிறவர் தொடவும் மாட்டார். குழம்பு ஊறிய பொலித்தீன் மீள்சுழற்சிக்குப் போகாது. ஈரத்தை மட்டும் ஒழுங்காகப் பிரித்துவிட்டால் மிச்சத்தைக் கிழமைக்கு ஒருக்கால் ஆறுதலாக இருந்து பிரிக்கலாம்.

வாளியின் அடியில் பழைய பேப்பர் இரண்டு தாள், அதன்மேல் ஒரு பிடி சருகு அல்லது தும்புத்தூள். சொதி, கஞ்சி, பழஞ்சோற்றுத் தண்ணீரை ஊற்ற வேண்டாம். வடித்துவிட்டுச் சக்கையைப் போடுங்கள். அதிகம் நடக்கும் பிழை வேறு: மரக்கறித் தோலைச் சொப்பிங் பையில் போட்டு இறுக்கி முடிந்து கொடுப்பது. காற்றில்லாமல் இரண்டு நாளில் உள்ளே புளித்து நாறும். எடுக்க வருகிற தொழிலாளி ஒவ்வொரு பையாகக் கிழிக்க வேண்டும். கிழிக்காமல் விட்டால் அந்தப் பொலித்தீன் துண்டு துண்டாகக் கூட்டெருவில் கலந்துவிடும். உக்கும் கழிவை வாளியோடு கொண்டுபோய்க் கொட்டுங்கள். 2025 நவம்பர் 1இலிருந்து கடையில் அந்தப் பைக்குக் காசு வேறு. காசு கொடுத்து வாங்கியதைக் குப்பைக்கு உறையாக்குவானேன்?

வளவு இருக்கிறவர்களுக்கு ஈரக் கழிவைக் கொடுக்கவே தேவையில்லை. அடியும் பக்கமும் துளையிட்ட ஒரு பீப்பாயைக் கிணற்றிலிருந்து தள்ளி, நிழலில், இரண்டு கல்லின்மேல் வையுங்கள். ஒரு பங்கு சமையற் கழிவுக்கு இரண்டு பங்கு சருகு. கிழமைக்கு ஒருமுறை தடியால் கிளறுங்கள். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் கை ஈரமாக வேண்டும், தண்ணீர் ஒழுகக் கூடாது. நாறினால் ஈரம் கூடிவிட்டது, சருகு போடுங்கள். எறும்பு மொய்த்தால் காய்ந்துவிட்டது, தண்ணீர் தெளியுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் மண் வாசம் வரும். அடுப்புச் சாம்பலை அள்ளிக் கொட்டாதீர்கள். சாம்பலின் காரம் தழைச்சத்தை அமோனியாவாகக் காற்றில் விட்டுவிடும். நம் யாழ்ப்பாண மண்ணில் ஏற்கெனவே சுண்ணாம்பு அதிகம். தணல் ஆறாத சாம்பல் குப்பை வண்டியில் ஏறினால் வண்டியே எரியும். பனங்கொட்டையும் வேண்டாம். அது உக்காது, கிழங்கு விடும்! பொச்சுமட்டையை வாழைக்கு அடியில் கவிழ்த்துப் பரப்பினால் ஈரம் நிற்கும்.

மீன் செதிலும் குடலும் தனி விவகாரம். பீப்பாயில் போட்டால் புழு. ஒன்றரை அடி ஆழத்தில், தென்னைக்குப் பக்கத்தில் தாட்டு, மேலே ஒரு கல் வையுங்கள், இல்லாவிட்டால் இரவு நாய் கிளறும். வளவில்லாதவர்கள் பழைய ரின் ஒன்றில் போட்டு ஃபிறிட்ஜின் ஐஸ் பெட்டியில் வைத்து, உக்கும் கழிவு எடுக்கிற நாளில் கொட்டலாம்.

புதைக்கிற யோசனையைப் பொலித்தீனுக்கும் பற்றரிக்கும் நீட்ட வேண்டாம். யாழ்ப்பாணத்தின் வலிகாமத்தில் பல இடங்களில் சில அடி மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல். அதன் வெடிப்புகளால் இறங்குவது வடிபடாமலே கிணற்று நீருக்குப் போய்விடும். கொளுத்துவதும் தீர்வில்லை. பிளாஸ்ரிக்கைத் திறந்தவெளியில் எரிப்பது 2017 செப்டெம்பர் 1இலிருந்து தடை. சோறு சுற்றும் லஞ்ச் சீற்றுக்கும் 20 மைக்ரோன் தடிப்புக்குக் குறைந்த பொலித்தீனுக்கும் தடை வந்ததும் அதே நாளில்தான்.

கடதாசி, பிளாஸ்ரிக் பையில் போட முன் யோகற் கப்பை ஒருமுறை அலசிக் கவிழ்த்து வையுங்கள். சோடாப் போத்தலை நசுக்கி மூடியைப் பூட்டினால் இடம் மிச்சம். உள்ளே வெள்ளித்தாள் ஒட்டிய பால்மா உறையை யாரும் வாங்குவதில்லை. அது பம்பர்ஸ், நப்கின் போல வாங்க ஆளில்லாத பங்கு, தனியாகச் சுற்றிக் கொடுங்கள். உடைந்த கண்ணாடியைப் பேப்பரில் சுற்றிப் பால்மா ரின்னில் அடைத்து, வெளியே எழுதி ஒட்டுங்கள். இன்சுலின் ஊசிக்குத் தடித்த பிளாஸ்ரிக் போத்தல். நிரம்பியதும் எங்கே கொடுப்பதென்று கிளினிக்கில் கேளுங்கள், குப்பையில் மட்டும் வேண்டாம்.

ஐப்பசி மழைக்கு முன் போத்தல் பையைக் கூரைக்குள் எடுங்கள், சிரட்டையைக் கவிழுங்கள். தேங்கிய நீரில் நுளம்பு முட்டை பறக்கிற நுளம்பாக ஏழு முதல் பத்து நாள் போதும். குப்பை வாளி மூடியைத் தலைகீழாக வைத்தால் அதன் பள்ளத்தில் நிற்கிற தண்ணீரே அதற்குத் தாராளம்.