டொயோட்டா 86 கார் வாங்கின கதை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் குழி பறித்த ரோட்டில் இவ்வளவு தாழ்ந்த காடி எதற்கு என்று அப்பா அன்றைக்கே கேட்டார், இன்றைக்கும் கேட்கிறார்.

இப்போது மச்சானுக்கும் அதே ஆசை வந்திருக்கிறது. 2021-இல் நான் வாங்கியது பழைய டொயோட்டா 86: 2.0 லிட்டர், சுபாருவோடு சேர்ந்து செய்த பாக்ஸர் எஞ்சின் (சிலிண்டர்கள் எதிரெதிரே படுத்திருக்கும்), பின்சக்கர இழுவை. முதலில் பார்த்த சிவப்பு வண்டிக்கு மனம் பறிபோனது உண்மைதான், ஆனால் பானெட்டைத் திறந்தால் ஒரு பக்க போல்ட்டுகளில் மட்டும் ஸ்பேனர் பட்ட தடம், பக்கத்தில் புது பெயின்ட். எங்கேயோ அடிபட்டுச் சரி செய்த வண்டி போல. கேட்டால் தௌக்கே, அதாவது கடை முதலாளி, சிரிக்கிறார். சரி, வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

அடுத்த வெள்ளை வண்டியை என் மெக்கானிக்கை வைத்துப் பார்த்த பிறகுதான் டெபாசிட் கட்டினேன். புஸ்பாகோம் என்ற வாகனப் பரிசோதனை நிறுவனத்தின் சோதனை பெயர் மாற்றத்துக்குத்தான், கிளட்ச் தேய்மானத்தை அது சொல்லாது!

கடன் 70,000 வெள்ளி (ரிங்கிட்), 3.5 சதவீதம், 7 வருடம். குறைவான வட்டி மாதிரித் தெரியும். முழுத் தொகைக்கும் 7 வருடமும் வட்டி போட்டதில் அதுவே 17,150. மாதம் 1,037 வெள்ளி 50 காசு. ரோட்டேக்ஸ் (சாலை வரி) வருடத்துக்கு 379 தான், அது பரவாயில்லை. டயர் விலையை மட்டும் மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை.

மச்சான், சனிக்கிழமை வா, ஓட்டிப் பார். பெட்ரோல் உன் செலவு.