பிறர் ஆய்வு நம் கையில் இருக்கும்போது

வெளியாகாத ஒரு மருத்துவ ஆய்வுக் கட்டுரை, இதழில் வெளியிடத் தக்கதா என்று சொல்லும் மதிப்பாய்வுக்காக நம்மிடம் வரும்போது, எழுதியவர்களின் பல ஆண்டு உழைப்பும், நாம் பார்த்தே இராத நோயாளிகளின் விவரங்களும் நம்மை நம்பி ஒப்படைக்கப்படுகின்றன. மதிப்பாய்வாளரின் நேர்மை என்றதும் அவர் எழுதும் குறிப்புகளைப் பற்றியே பலரும் பேசுகிறார்கள். அந்தக் கட்டுரையை அவர் எப்படிக் காக்கிறார் என்பதையே நான் முதலில் கேட்பேன்.

நீரிழிவுக்குத் தரப்பட்டுவந்த ரோசிகிளிட்டசோன் மாரடைப்பு அபாயத்தைக் கூட்டுகிறது என்று, 42 சோதனைகளின் தரவுகளைத் தொகுத்துக் கூறிய கட்டுரை ஒன்று 2007இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளிவந்தது. அதை மதிப்பாய்வுக்குப் பெற்ற ஒருவர், அச்சேறுவதற்கு முன்பே, அந்த மருந்தைத் தயாரித்த கிளாக்சோஸ்மித்கிளைன் நிறுவனத்துக்கே அனுப்பிவிட்டது மறு ஆண்டு அம்பலமானது. இன்னொன்று இதைவிடக் கொடியது. அன்னல்ஸ் ஆஃப் இன்டர்னல் மெடிசின் நிராகரித்த கட்டுரையை, அதை மதிப்பாய்வு செய்தவரே தம் பெயரில் வேறொரு இதழில் வெளியிட்டார். உண்மையான நோயாளிகளின் இடத்தில் இல்லாத நோயாளிகளை வைத்திருந்தார். பறிகொடுத்த ஆய்வாளர் 2016இல் அவருக்கு எழுதிய பகிரங்கக் கடிதத்தை அதே அன்னல்ஸ் வெளியிட்டது. இன்று, சுருக்கம் தரச்சொல்லிக் கட்டுரையைச் செயற்கை நுண்ணறிவுச் செயலியில் பதிவேற்றுவதும், இதழின் அனுமதி இல்லாதவரை, இரகசியத்தை மீறுவதுதான்.

எழுதியவர் நம் முன்னாள் மாணவராகவோ போட்டியாளராகவோ இருந்தால், அல்லது அந்த மருந்து நிறுவனத்திடம் நாம் பேச்சுக்கட்டணம் வாங்கியிருந்தால், அதை இதழாசிரியரிடம் உடனே சொல்லிவிட்டு விலகுவதே முறை.

மதிப்பாய்வுப் பணியை ஏற்றுக்கொண்டபின் நான் முடிவுரையைத் தொடாமல், ஆய்வின் பதிவை முதலில் தேடிப் பார்ப்பேன். இந்தியாவில் மருத்துவச் சோதனைகளை சிடிஆர்ஐ என்னும் இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் பதிவது 2009 முதல் கட்டாயமாக்கப்பட்டிருப்பதால் இது எளிது. பதிவேட்டில் முதன்மை அளவீடு 24ஆம் வாரத்தின் எச்பிஏ1சி (கடந்த சில மாதங்களின் சராசரி இரத்தச் சர்க்கரையைக் காட்டும் அளவு) என்றிருக்க, கட்டுரையில் 12ஆம் வார வெறும்வயிற்றுச் சர்க்கரை முன்னே நின்றால், நோயாளிகள் பாதியில் விலகினார்களா, இடையில் ஆய்வுத் திட்டம் திருத்தப்பட்டதா, அல்லது சாதகமான எண் பொறுக்கி எடுக்கப்பட்டதா என்பது நமக்குத் தெரியாது. ஆகவே மோசடி என்று எழுதக்கூடாது. "பதிவேட்டில் இவ்வாறு உள்ளது, கட்டுரையில் இவ்வாறு உள்ளது, மாற்றம் எப்போது, ஏன் நிகழ்ந்தது என்று விளக்கவும்" என்று எழுதினால் போதும். மருந்து பலன் தரவில்லை என்ற முடிவு வந்தாலும் இதே அளவுகோல்தான். செய்முறை சரியாக இருந்தால் அது வெளிவர வேண்டிய ஆய்வு. மாவட்ட மருத்துவமனையிலிருந்து வந்தது, ஆங்கிலம் தடுமாறுகிறது என்பதற்காக அறிவியலைக் குறைத்து மதிப்பிடுவது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் வழக்கம். மொழியை இதழின் அலுவலகம் திருத்திக்கொள்ளும். தம் கட்டுரைகளை மேற்கோள் காட்டும்படி வற்புறுத்துவதும், எழுதியவர்களிடம் பாராட்டிவிட்டு இதழாசிரியருக்கு மட்டுமான குறிப்புப் பெட்டியில் நிராகரிக்கச் சொல்வதும் அவர்களுக்குச் செய்யும் அநீதி.

மருத்துவக் கல்லூரிகளில் துறைத்தலைவருக்கு வரும் கட்டுரையைப் பட்டமேற்படிப்பு மாணவரே படித்துக் குறிப்பெழுதுவது சாதாரணமாக நடக்கிறது. மாணவர்கள் இந்தப் பணியைக் கற்க அது நல்ல வழிதான், ஆனால் கட்டுரையைக் கொடுப்பதற்கு முன்பே இதழாசிரியரிடம் அனுமதி கேட்க வேண்டும், அறிக்கையை அனுப்பும்போது அந்த மாணவரின் பெயரையும் அதில் சேர்க்க வேண்டும்.