டம்ளரில் ஒரு நெல் இலை

வெட்டிய நெல் இலையைத் தண்ணீர் டம்ளரில் முக்கினார் சித்தப்பா. வெட்டுவாயிலிருந்து வெள்ளையாக, பால் நூல் மாதிரி ஏதோ கசிந்து இறங்கியது.

அத்தனையும் பாக்டீரியா!

“இலைக்கருகல்தான்டா” என்றார்.

இதைத் தாங்கும் ரகம் இருக்கிறது. ஐதராபாத் விஞ்ஞானிகள் 2008-ல் தந்த மேம்படுத்திய சம்பா மசூரி. அதில் 3 எதிர்ப்பு மரபணுக்கள். மரபணு மாற்றுப் பயிர் அல்ல, கலப்பு செய்து சேர்த்தவைதான்.

அதில் எக்ஸ்ஏ21 என்பது மாலி நாட்டுக் காட்டு நெல்லின் சொத்து. பாக்டீரியா வெளிவிடும் சிறு புரதத்துண்டை அடையாளம் கண்டதும் செல்லை உஷார்படுத்தும். அங்கே அந்தக் காட்டு நெல் ஒரு களை என்பதுதான் வேடிக்கை!

மற்ற இரண்டும் கொஞ்சம் பிகு பண்ணும். தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் வந்தால்தான் வேலை செய்யும்.

ஆனால் நெல் பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே மணி பிடிப்பது. கலப்பில்லாமல் எடுத்து வைத்தால் வீட்டு விதையிலும் மூன்றும் இருக்கும்.