ஹவாய் மொழிய காப்பாத்துனது பால்வாடிங்கதான்

பிப்ரவரி வந்துட்டா அமெரிக்காவோட ஹவாய் மாநிலத்துல ஹவாய் மொழி மாசம், 2013லயே இதுக்குன்னு மாநிலச் சட்டம் போட்டுட்டாங்க. பாட்டு, ஹூலா டான்ஸ், போட்டின்னு களைகட்டும். நல்ல விஷயம்தான், ஆனா எனக்கு இந்தக் கொண்டாட்டத்த விட இதுக்கு முன்னாடி நடந்த கதைதான் ரொம்பப் பிடிக்கும், ஏன்னா அதுல கொஞ்சம் சட்டமீறலும் இருக்கு.

1893ல ஹவாய் நாட்டு ராணி லிலியுவோகலானிய ஆட்சியில இருந்து இறக்குனாங்க, 1896ல பள்ளிக்கூடத்துல இங்கிலீஷ்லதான் பாடம்னு சட்டம் வந்துச்சு. மொழியையே தடை பண்ணாங்கன்னு நெறைய பேர் எழுதுறாங்க, கறாரா பாத்தா அப்படி இல்ல, வீட்ல பேசலாம், பத்திரிகை நடத்தலாம். ஆனா ஸ்கூல்ல பேசுனா தண்டனைன்னு ஆனதும் பெத்தவங்களே புள்ளைங்ககிட்ட பேசறத விட்டுட்டாங்க. 1980கள் தொடக்கத்துல பாத்தா, 18 வயசுக்குக் கீழ பேசத் தெரிஞ்சவங்க 50 பேர் கூட தேறலங்கறாங்க. நீஹாவுன்னு ஒரு குட்டித் தீவு, தனியார் சொத்து, வெளியாளுங்கள லேசுல உள்ள விட மாட்டாங்க, அங்க மட்டும்தான் மொழி அறுபடாம ஓடிக்கிட்டிருந்துச்சு.

இதுல கூத்து என்னன்னா 1978லயே அரசியல் சட்டத்துல ஹவாய் மொழி ஆட்சிமொழி ஆயிடுச்சு, ஆனா பழைய பள்ளிக்கூடச் சட்டம் அப்படியே உக்காந்திருக்கு! 1983ல சில ஆசிரியர்கள் சேர்ந்து ஆஹா பூனானா லெயோன்னு ஒரு அமைப்பு ஆரம்பிச்சாங்க, நியூசிலாந்து பழங்குடி மாவோரிங்க தங்க மொழிக்காக முந்தின வருஷம் தொடங்கின மழலையர் பள்ளிங்கதான் முன்மாதிரி. 1984ல கௌவாய் தீவு கெக்காஹாவுல முதல் பால்வாடி, உள்ள வந்தா ஹவாய் மொழி மட்டும்தான், பழைய சட்டப்படி பாத்தா அதுவே சட்டமீறல். சொல்லித்தர ஆள் யாருன்னா மொழி சரளமா வர்ற பெரியவங்க, அவங்ககிட்ட டீச்சர் சர்டிபிகேட் எங்க இருக்கும், அதுக்கும் அரசாங்கத்தோட மல்லுக்கட்டி 1986லதான் சட்டத்த மாத்த வெச்சாங்க. புள்ளைய விட்டுட்டு கிளம்பிட முடியாது, பெத்தவங்களும் மொழி படிக்கணும், பள்ளிக்கு வேலையும் செஞ்சு குடுக்கணும். என்னக் கேட்டா இந்த கண்டிஷன்தான் எல்லாத்தையும் விட முக்கியம். 1987ல அரசுப் பள்ளியிலயும் ஹவாய் வழி வகுப்பு வந்துச்சு, 1999ல முதல் செட் புள்ளைங்க பள்ளிப்படிப்ப முடிச்சு வெளிய வந்தாங்க.

இப்படிப் படிச்சு வந்தவங்களுக்கு ஒரு பெரிய சொத்து காத்துக்கிட்டு இருந்துச்சு. 1834ல இருந்து 1948 வரைக்கும் ஹவாய் மொழியில நூத்துக்கும் மேல பத்திரிகை வந்திருக்கு, ஒரு லட்சத்துக்கு மேல பக்கம்! அரசியல் சண்டை, தொடர்கதையா வந்த புராணம், வம்சாவளி, செத்தவங்களுக்கு எழுதுன ஒப்பாரி எல்லாம் இருக்கு. தன்னார்வலருங்க உக்காந்து பழைய பக்கங்கள வரி வரியா டைப் பண்ணி ஏத்தியிருக்காங்க, இன்னும் மொழிபெயர்க்காம கிடக்கறதுதான் அதிகம்.

சரி, எல்லாம் சுபமான்னா இல்ல. 2018 ஜனவரி, மௌயி தீவு கோர்ட். ஹலேயாகலா மலையில டெலஸ்கோப் கட்டுறத எதிர்த்துப் போராடுன ஒரு பேராசிரியர் கூண்டுல நிக்கிறார். நீதிபதி பேர் கேக்க, அவர் ஹவாய் மொழியில பதில் சொல்றார். மறுபடி கேள்வி, மறுபடி அதே மொழியில பதில். ஆள் ஆஜரானதாவே எடுத்துக்க முடியாதுன்னு நீதிபதி வாரன்ட் போட்டுட்டார், ஆள் கண்ணு முன்னாடி நின்னுக்கிட்டு இருக்கும்போதே! ஊரே கொதிச்சதும் மறுநாள் வாரன்ட்ட வாபஸ் வாங்கிட்டாங்க, அதுக்கப்புறம்தான் கோர்ட்ல ஹவாய் மொழி பேச விரும்பறவங்களுக்கு முடிஞ்ச வரைக்கும் மொழிபெயர்ப்பாளர் ஏற்பாடு பண்றோம்னு நீதித்துறை அறிவிச்சுச்சு. ஆட்சிமொழி ஆகி 40 வருஷம் கழிச்சு.