ஒன்பதாவது சொல்

யூத மதகுருவான ரப்பி என்றால் பிரசங்கம் செய்கிறவர் என்று பலர் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் அது ஆள் சேர்க்கும் வேலை. பண்டிகைக்கு ஒரு வாரம் இருக்கும்போதே தொலைபேசியோடு உட்கார்ந்துவிடுவேன். "முதல் நாள் காலை வருவீர்களா? மறுநாளும்?" முதல் கேள்விக்கு உடனே பதில் வரும். இரண்டாவதற்கு ஓர் இருமல்தான் வரும்.

பண்டிகைகளுக்கு மெல்போர்னிலிருந்து தாஸ்மேனியாத் தீவின் தலைநகர் ஹோபார்ட்டுக்குப் போய் வழிபாடு நடத்துகிறேன். அங்குள்ள ஜெப ஆலயம் 1845-இல் திறக்கப்பட்டது. ஆஸ்திரேலியாவிலேயே மிகப் பழையது. கைதியாகக் கப்பலேற்றப்பட்டு வந்து பின்னர் வசதியாக வாழ்ந்த ஜூடா சாலமன் தன் தோட்டத்தில் ஒரு பகுதியை அதற்குக் கொடுத்தார். வரைபடம் போட்ட ஜேம்ஸ் தாம்சனும் கைதியாக வந்தவர்தான். கைதிகள் உட்கார்ந்து தொழுத மரப்பெஞ்சுகள் இன்றும் உள்ளே இருக்கின்றன. கட்டடமோ எகிப்தியப் பாணி. எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து மீண்டதைக் கொண்டாடும் பாஸ்காவுக்கு எகிப்தியக் கோயில் போன்ற வாசல் வழியாகத்தான் போகிறோம். இதை வேடிக்கையாகச் சொல்லாமல் ஒரு வருடமும் கழிந்ததில்லை. கேட்டுச் சிரிக்கிறவர்கள்தான் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

பருவங்களும் அங்கே தலைகீழ். பாஸ்கா வசந்தகாலப் பண்டிகை. ஹோபார்ட்டில் அப்போது இலை உதிர்கிறது. டிசம்பரில் ஹனுக்கா என்னும் விளக்குப் பண்டிகையின் விளக்கை இருட்டிய பிறகு ஏற்றலாம் என்றால் இரவு ஒன்பதைத் தாண்டிவிடும், குழந்தைகள் தூங்கிவிடுவார்கள். அதெல்லாம் பழகிவிட்டது. பழகாதது எண்ணிக்கை.

பத்துப் பேர் சேர்ந்தால்தான் மின்யான், அதாவது முழு வழிபாட்டுக்கு வேண்டிய கூட்டம். அது கூடாவிட்டால் எங்கள் வேதமான தோராவின் சுருளை முறைப்படி எடுத்துப் படிக்க முடியாது, இறந்தவர்களுக்காகச் சொல்லும் கதிஷ் ஜெபத்தைச் சொல்ல முடியாது. நான் நடத்தும் பழைய மரபு வழிபாட்டில் பதின்மூன்று வயது நிரம்பிய ஆண்கள் மட்டுமே கணக்கு. சீர்திருத்த வழிபாட்டில் பெண்களையும் சேர்த்துக்கொள்வார்கள். கூடத்தில் ஐந்தாறு பெண்கள் புத்தகத்தை விரித்து வைத்துக் காத்திருக்க, ஒன்பது ஆண்களோடு கணக்கு நின்றுபோன நாட்கள் உண்டு. அப்போது அவர்கள் பார்க்கும் பார்வைக்கு இருபது வருடமாக என்னிடம் பதில் இல்லை.

ஆட்களை ஒன்று, இரண்டு என்று எண்ணவும் கூடாது. அதனால் வேதப் பாடல்களான சங்கீதங்களில் 28-ஆவதன் கடைசி வசனத்தை ஆளுக்கு ஒரு சொல்லாக மனதுக்குள் சொல்வோம். எபிரேயத்தில் அதற்குச் சரியாகப் பத்துச் சொற்கள். ஒன்பதாவது சொல் 'அத்', நம் 'வரை'. பத்தாவது 'ஹாஓலாம்', 'என்றென்றும்'. எபிரேயத்தில் 'வரை' முன்னால் வரும். ஆகவே ஒன்பது பேர் இருந்தால் வசனம் 'வரை' என்பதோடு நின்றுவிடும். எதுவரை என்பது தெரியாது.

ஒரு பாஸ்காவின் முதல் நாள் காலை. பண்டிகையன்று தொலைபேசியைத் தொட முடியாது. வருகிறவர்கள் வந்தால்தான் உண்டு. எண்ணினேன். 'வரை'. முன்வரிசையில் ஒரு முதியவர். தாய் இறந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. பெற்றோருக்காகப் பதினொரு மாதம் கதிஷ் சொல்லுவது வழக்கம். அதில் சாவைப் பற்றி ஒரு சொல்லும் கிடையாது, முழுக்க இறைவனைப் போற்றுவதுதான். ஆனால் தனியாகச் சொல்ல முடியாது. 'ஆமென்' சொல்லக் கூட்டம் வேண்டும்.

அப்போது கழுத்தில் கேமராவோடு ஒருவர் எட்டிப் பார்த்தார். துறைமுகத்தில் நின்ற சுற்றுலாக் கப்பலிலிருந்து கட்டடத்தைப் பார்க்க வந்தவர். "நீங்கள் யூதரா?" என்றேன். "அம்மா யூதர். ஆனால் எனக்கு நம்பிக்கையெல்லாம் இல்லை" என்றார். நம்பிக்கையைப் பற்றி நான் கேட்கவே இல்லை. கேமராவைக் கழற்றி வைக்கச் சொல்லி, தலைக்கு ஒரு குல்லாயைக் கொடுத்தேன். கைதிகளின் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தார்; பக்கத்தில் இருந்த பையன் திருப்பி வைத்தான்.

முதியவர் எழுந்தார். கதிஷ் சொன்னார். பெஞ்சிலிருந்து 'ஆமென்' அரை நொடி தாமதமாக வந்தது. பிறகு பாஸ்காவின் முதல் நாளுக்கே உரிய பனித்துளி வேண்டுதல். இஸ்ரவேலின் கோடைக்காக அங்கே பனி இறங்கட்டும் என்று கேட்டோம். வெளியே குளிர்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. முடிந்ததும் அந்த மனிதர் கேட்ட ஒரே கேள்வி: "என் கப்பல் ஐந்து மணிக்கு. போகலாமா?"

மறுநாளும் பண்டிகை. பாஸ்காவின் தொடக்கத்தில் இஸ்ரவேலில் முதல் நாள் மட்டும்தான் முழுப் பண்டிகை. வெளிநாட்டில் இருக்கும் எங்களுக்கு இரண்டு. பிறை தெரிந்த செய்தியைத் தூதர்கள் தூரத்து ஊர்களுக்குக் கொண்டுசேர்க்க முடியாத காலத்தில், எந்த நாள் என்ற சந்தேகத்தில் வந்த வழக்கம். நாட்காட்டி கணக்கிட்டு நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. சந்தேகம் போய்விட்டது, இரண்டாம் நாள் போகவில்லை. சின்ன ஊர் ரப்பியை யாராவது கேட்டிருந்தால் வேறு தீர்ப்பு வந்திருக்கும்.

மறுநாள் காலை எண்ணினேன். 'அத்'.

முதியவர் எல்லோருக்கும் முன்பே வந்து அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். கால் மணி நேரம் காத்திருந்தோம். அவர் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார், நானும்தான். பிறகு தொடங்கினோம். கதிஷ் வரும் பக்கத்தில் அவர் ஒரு விரலை வைத்து அழுத்திக்கொண்டு, அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.