ஒரே ஒரு சொல்

நான் கோலாலம்பூரில் அரசாங்க வழக்கறிஞர். நீதிமன்றத்துக்குப் போவது குறைவு. போலீஸ், சிறைக் காவலர் பயிற்சிக்கான பாடக் குறிப்புகளைச் சட்டத்தோடு ஒப்பிட்டுத் திருத்துவதுதான் பெரும்பாலும் வேலை.

போன வாரம் ஒரு குறிப்பில், வாக்குமூலம் வாங்கிய 'பிறகு' குடும்பத்துக்குத் தெரிவிக்கலாம் என்றிருந்தது. சிவப்புப் பேனாவால் அடித்தேன். குற்றவியல் நடைமுறைச் சட்டம் 28ஏ பிரிவின்படி, உறவினரோடும் வழக்கறிஞரோடும் பேசலாம் என்பதைக் கைதானவரிடம் விசாரணைக்கு 'முன்பே' சொல்ல வேண்டும். விதிவிலக்கு உண்டு, அதற்கும் டிஎஸ்பி தகுதிக்குக் குறையாத அதிகாரியின் அனுமதி வேண்டும். மகன் எங்கே என்று தெரியாமல் செந்தூலில் ஓர் அம்மா விடிய விடிய வாசலிலேயே நிற்பதும் நிற்காததும் அந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது. இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

அப்புறம் பயிற்சிக் காவலர்களுக்கு வகுப்பு. பின்வரிசையில் இருந்த தமிழ்ப் பையன் எழுந்தான்.

"புவான், வெள்ளிக்கிழமை ராத்திரி பிடித்தால்? சனி, ஞாயிறு லீவாச்சே?"

நல்ல கேள்வி. அரசியலமைப்பின் 5(4) பிரிவு, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தச் சொல்கிறது. கழித்துக்கொள்ளக்கூடியது பயண நேரம் மட்டும்தான், லீவு அல்ல என்றேன். பையன் நோட்டில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டான்.